ஒரு மணி நாற்பது நிமிடத்தில் சென்னையா?

கேள்வி: எழுபது வயது தாண்டிய என் அம்மா தனியாக மதுரைக்குப் போகிறார். சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் காலை 9.10-க்குப் புறப்பட்டு 10.50-க்குச் சென்னை என்று டிக்கெட்டில் இருக்கிறது. திரும்பும்போதோ இரவு 11.15-க்கு ஏறினால் காலை 6 மணி. ஒரே தூரத்துக்கு ஏன் இந்த வித்தியாசம்? மதுரை விமானம் 12.20-க்கு. ஒன்றரை மணி நேரம் தாராளம் என்கிறார் ஏஜெண்டு. நம்பலாமா? (வாசகி, உட்லண்ட்ஸ்)

பதில்: போக 4 மணி 10 நிமிடம், வர 4 மணி 15 நிமிடம். அவ்வளவுதான். சாங்கிக்கும் சென்னைக்கும் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 2,900 கி.மீ. டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் அச்சடிப்பார்கள். இந்தியா நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் இருப்பதால் போகும்போது அதைக் கூட்டுங்கள், வரும்போது கழியுங்கள். (பெரியவர்கள் சிலர் இன்னும் 'ரெண்டு மணி நேர வித்தியாசம்' என்பார்கள். 1982-இல் சிங்கப்பூர் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளும்வரை அதுதான் கணக்கு.) பயண நேரத்தையும் பக்கத்திலேயே பெரிதாகப் போட்டால் என்ன குறைந்துவிடும்? இத்தனை வருடமாகக் கேட்கிறேன், யாருக்கும் காதில் விழவில்லை.

அம்மா இறங்கும் 10.50 நம் நேரப்படி பிற்பகல் 1.20. 'குட்டிப் பயணம்தானே' என்று வெறும் காபியோடு அனுப்பிவிடாதீர்கள். மாத்திரை கைப்பையில் இருக்கட்டும்.

அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு வருவோம். உள்நாட்டு விமானங்களுக்குப் பெரும்பாலும் புறப்பட ஒரு மணி நேரம் முன்பே கவுண்டரை மூடிவிடுவார்கள். 12.20 விமானம் என்றால் 11.20. அம்மா கையில் இருப்பது அரை மணி நேரம். அதற்குள் விமானத்தை விட்டு இறங்கி, குடிநுழைவு வரிசையில் நின்று, பெட்டி எடுத்து, சுங்கம் தாண்டி, உள்நாட்டு முனையம் போய்ச் சேர வேண்டும். எனக்கே முடியாது. சரியான நேரத்தில் தரையிறங்கினால்தான் அந்த அரை மணியும்.

ஏஜெண்டுகள் செய்யும் வேலை ஒன்று உண்டு. இரண்டு தனி டிக்கெட்டை ஒரே தாளில் அச்சடித்து 'கனெக்‌ஷன்' என்று விற்பார்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட்டின் பணம் போனதுதான். நான் கவுண்டரில் இருந்தபோது அப்படித் தவறவிட்டு நின்றவர்கள் எத்தனையோ பேர். ஏஜெண்டுக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கும்.

எல்லாம் ஒரே டிக்கெட் என்றால் கதை வேறு. அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. எப்படிக் கண்டுபிடிப்பது? ஆறெழுத்து முன்பதிவு எண்ணான பிஎன்ஆர் ஒன்றாக இருந்தால் சிக்கல் இல்லை. இரண்டு நிறுவனம் சேர்ந்து ஓட்டும்போது ஒரே டிக்கெட்டுக்கே இரண்டு பிஎன்ஆர் வரும். பயப்படாமல் 13 இலக்க டிக்கெட் எண்ணைப் பாருங்கள். இரண்டு பயணத்துக்கும் அதே எண் என்றால் ஒரே டிக்கெட். அப்போதும் பெட்டியைப் பொதுவாகச் சென்னையில் எடுத்து மறுபடி கொடுக்க வேண்டும் என்பதை ஏஜெண்டு சொல்லியிருக்க மாட்டார்.

மதுரை விமானத்தை மாலைக்கு மாற்றச் சொல்லுங்கள், வீல்சேரும் இப்போதே கேட்டுவிடுங்கள். மாற்ற முடியாது என்றால் நேரடியாகத் திருச்சி போகும் விமானம் பாருங்கள். அங்கிருந்து மதுரைக்குக் காரில் சுமார் 135 கி.மீ.