தேன் இருக்கிறது, தேனீ இல்லை: குளிர்காலத்துக்கு முன் செய்ய வேண்டியது என்ன?

கேள்வி: எங்கள் தேனீ வளர்ப்போர் குழுவில் பதினைந்து பேர் இருக்கிறோம். போன குளிர்காலம் முடிந்து பெட்டிகளைத் திறந்தபோது பாதிக்கு மேல் காலி. அடை கட்டும் மரச் சட்டங்களில் தேன் அப்படியே இருக்கிறது, தேனீக்கள் ஒரு கைப்பிடிகூட இல்லை. குளிர் தாங்காமல் செத்துவிட்டன என்கிறார்கள். வியாபாரி ஒருவர் பெட்டியைச் சுற்றும் உறையும் ஊட்டச்சத்துப் பொடியும் சேர்த்து மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி தருவதாகச் சொல்கிறார். குழுப் பணத்தில் வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். உங்கள் தேனீக்களைக் கொன்றது குளிர் அல்ல. நீங்கள் சொன்ன அடையாளமே அதைச் சொல்கிறது. குளிரில் செத்திருந்தால் அடிப்பலகையில் பிணங்கள் குவிந்து கிடந்திருக்கும். பட்டினியில் செத்திருந்தால் அறைகளுக்குள் தலையை நுழைத்தபடி வரிசையாகச் செத்திருக்கும். தேன் இருந்து, தேனீயும் இல்லை, பிணமும் இல்லை என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது, தேனீயின் மேல் ஒட்டி உறிஞ்சி வாழும் வரோவா என்ற சிறு உண்ணியைத்தான்.

காலிப் பெட்டியிலிருந்து புழு வளர்ந்த சட்டம் ஒன்றை எடுங்கள். தலைகீழாகப் பிடித்து வெயிலுக்குச் சாய்த்து, அறைகளின் மேற்புறச் சுவரைப் பாருங்கள். உப்புத்தூள் ஒட்டியதுபோல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால், அது உண்ணியின் எச்சம். அதற்குப் பிறகு உறையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

தேனீக்களுக்குக் குளிர் புதிதல்ல. வெப்பம் 14 டிகிரி அளவுக்கு இறங்கியதும் ராணியை நடுவில் வைத்துப் பந்துபோலத் திரண்டுகொள்ளும். சிறகை அசைக்காமல் பறக்கும் தசைகளை மட்டும் நடுக்கி வெப்பம் உண்டாக்கும். எண்ணிக்கையும் உணவும் இருந்தால் வெளியே மைனஸ் 20 டிகிரியிலும் பிழைக்கும். ஆனால் அந்தப் பந்தில் இருக்க வேண்டியவை கோடையில் பறந்தவை அல்ல. கோடைத் தேனீயின் ஆயுள் ஏறக்குறைய ஆறு வாரம்தான். கோடை முடிவிலும் இலையுதிர் காலத்திலும் பிறப்பவை உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு மாதக்கணக்கில் வாழும். வளர்ந்த தேனீயிடமிருந்து உண்ணி உறிஞ்சுவது அந்தக் கொழுப்புத் திசுவைத்தான். வெகுகாலம் இரத்தத்தைக் குடிக்கிறது என்றே நம்பினோம். 2019-இல் சாமுவேல் ராம்சியும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு அதை மாற்றியது. உண்ணி வைரஸையும் பரப்பும். அப்படிப் பிறந்த தேனீ குளிர்காலம் பாதியைக்கூடத் தாண்டாது. ஒவ்வொன்றாக வெளியே பறந்து போய்ச் சாகும். அதனால்தான் உங்கள் பெட்டியில் பிணம் இல்லை.

ஆகவே குளிர்கால ஏற்பாடு தொடங்குவது கோடையின் கடைசியில், தேன் எடுத்த கையோடு. உறை விற்கிறவர்கள் வருவதோ இலை உதிர்ந்த பிறகு. அதற்குள் குளிர்காலத் தேனீக்கள் பிறந்து, கெட வேண்டியது கெட்டிருக்கும்.

எண்ணிப் பார்க்காமல் மருந்து வைக்காதீர்கள். புழு உள்ள சட்டத்தில் ராணி இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, அரை கப் தேனீக்களை ஒரு ஜாடியில் தட்டுங்கள். சுமார் 300 இருக்கும். ஆல்கஹால் ஊற்றி ஒரு நிமிடம் குலுக்கி, சல்லடையில் வடித்து, கீழே விழுந்த பழுப்பு உண்ணிகளை எண்ணுங்கள். ஒன்பது இருந்தால் 3 சதவீதம். உடனே மருந்து வைக்க வேண்டும். முந்நூறு தேனீயைக் கொல்ல மனம் வரவில்லை என்று பலர் சொல்கிறார்கள். அந்த இரக்கத்தால் முழுத் தேனீக் குடும்பமும் போகிறது.

உண்ணி மருந்துகளில் பார்மிக் அமிலம் மூடிய புழு அறைக்குள்ளும் ஊடுருவும். ஆக்சாலிக் அமிலம் ஊடுருவாது. புழு வளர்ப்பு நின்ற நடுக்குளிரில்தான் அது முழுப் பலன் தரும். இரண்டின் ஆவியும் நுரையீரலைப் புண்ணாக்கும், அமில ஆவிக்கான முகமூடி இல்லாமல் தொடாதீர்கள். நீங்கள் தேன் எடுக்கும் மேலடுக்கு பெட்டி மேல் இருக்கும்போது மருந்து வைக்காதீர்கள். வைத்த பிறகு மறுபடியும் எண்ணுங்கள்.

இங்கேதான் குழு தேவைப்படுகிறது. நீங்கள் மட்டும் மருந்து வைத்து, பக்கத்து உறுப்பினர் வைக்கவில்லை என்றால், நலிந்த அவருடைய பெட்டியில் உங்கள் தேனீக்கள் தேன் திருடப் போய் உண்ணியைச் சுமந்துகொண்டு திரும்பும். எண்ணுவதற்கு எல்லாருக்கும் ஒரே வாரம், மருந்துக்கும் ஒரே வாரம் என்று குறியுங்கள். எண்ணும் ஜாடியை ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளலாம்; சட்டங்களை ஒருபோதும் மாற்றாதீர்கள். யார் பெட்டியில் எத்தனை உண்ணி என்று ஒருவர் பதிவேட்டில் எழுதட்டும். புதிய உறுப்பினருடன் பழையவர் ஒருவர் போய் நிற்கட்டும். குழுப் பணம் இருக்கிறதா? அங்கீகரிக்கப்பட்ட மருந்தைச் சேர்ந்து வாங்குங்கள்.

இடைத்தரகர்களைப் பற்றி உரக்கவே சொல்கிறேன். பெயர்ச்சீட்டு இல்லாத மருந்துப் பட்டையைத் தொடாதீர்கள். பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தில் அட்டையை நனைத்து விற்கிறார்கள். அது மெழுகில் ஊறிக் கிடக்கும், உண்ணிக்கு எதிர்ப்புச் சக்தியையும் வளர்த்துவிடும். இலையுதிர் காலக் கடைசியில் மலிவாகக் கிடைக்கும் தேனீக் குடும்பத்தை வாங்காதீர்கள். இரண்டு மூன்று நலிந்த பெட்டிகளை ஒன்றாகக் கொட்டி, ‘பலமான குடும்பம்’ என்று தலையில் கட்டுவார்கள். பழைய பெட்டி, சட்டம் வேண்டவே வேண்டாம். அமெரிக்கப் புழு அழுகல் நோயின் வித்துகள் மரத்திலும் மெழுகிலும் முப்பது ஆண்டுக்கு மேலும் உயிரோடு இருக்கும். கடைத் தேனை உணவாகக் கொடுப்பதிலும் இதே ஆபத்துதான்.

அரசுத் துறைகள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. பெட்டி கொடுக்கத் திட்டம் இருக்கிறது, கொடுத்ததற்குக் கணக்கு இருக்கிறது. அடுத்த ஆண்டு எத்தனை பெட்டியில் உயிர் இருந்தது என்று கேட்க ஆள் இல்லை. பயிற்சி வகுப்பையும் பூப்பூக்கும் காலத்தில்தான் நடத்துகிறார்கள். உண்ணி எண்ண வேண்டிய வாரத்தில் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. அந்த இடைவெளியில்தான் வியாபாரி நுழைகிறார்.

மற்றவை எளிது. மிதமான குளிருக்கு 18 முதல் 20 கிலோ தேன் போதும். கடுங்குளிருக்கு அதைப்போல இரு மடங்கு வைக்க வேண்டும். குறைந்தால் 2 கிலோ வெள்ளைச் சர்க்கரைக்கு 1 லிட்டர் தண்ணீர் என்று பாகு வையுங்கள், பகல் வெப்பம் 10 டிகிரிக்கு இறங்குமுன் முடித்துவிடுங்கள். வெல்லமும் பழுப்புச் சர்க்கரையும் வயிற்றுப்போக்கைத் தரும். ராணியைத் தடுக்கும் சல்லடையை எடுத்துவிடுங்கள், இல்லையேல் கூட்டம் உணவுக்காக மேலே ஏறும்போது ராணி கீழேயே சிக்கிச் சாகும். வாசலை 8 மில்லிமீட்டர் உயரத்துக்குக் குறைத்தால் எலி நுழையாது. காப்பு வைப்பதென்றால் மூடிக்குக் கீழே வையுங்கள். மூச்சு ஈரம் குளிர்ந்த மூடியில் பட்டுச் சொட்டினால்தான் கூட்டம் நனைந்து சாகும்.

குளிரில் பெட்டியைத் திறக்கக் கூடாது. இதற்கு ஒரே விதிவிலக்கு பட்டினி. அதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் பயத்தில் திறந்து கெடுப்பவர்களும் உண்டு, பயத்தில் திறக்காமல் பட்டினி போடுபவர்களும் உண்டு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பெட்டியின் பின்பக்கத்தை ஒரு விரல் உயரம் தூக்கிப் பாருங்கள். இலையுதிர் காலத்தில் தூக்கியபோது இருந்த கனம் உங்கள் கைக்கு நினைவிருக்க வேண்டும். பெட்டி லேசாகிவிட்டதா? காற்றில்லாத நடுப்பகலில் மூடியை மட்டும் எடுங்கள். சட்டத்தை அசைக்கக் கூடாது. கூட்டத்துக்கு நேர் மேலே ஒரு செய்தித்தாளை விரித்து, தண்ணீர் தெளித்த சர்க்கரையைக் கொட்டி மூடுங்கள். ஒரு நிமிட வேலை. சட்டத்தின் ஓரத்தில் தேன் தெரிகிறதே என்று விட்டுவிடாதீர்கள். கடுங்குளிரில் நாலு விரல் தள்ளியிருக்கும் தேனுக்குக்கூட அவற்றால் நகர்ந்து போக முடியாது. சர்க்கரை அவற்றின் தலைக்கு மேலேயே இருக்க வேண்டும். பாகு ஊற்றாதீர்கள், ஈரம் கூடும். பெட்டி கனமாக இருந்தால், சத்தம் கேட்கவில்லை என்பதற்காகத் திறக்காதீர்கள். காதை மரத்தில் வைத்தால் மெல்லிய இரைச்சல் கேட்கும்.

இப்போது காலியாக நிற்கும் பெட்டிகளின் வாசலை இன்றே அடைத்துவிடுங்கள், மற்ற தேனீக்கள் அந்தத் தேனைத் திருட வருமுன். அந்தச் சட்டங்களில் குழிந்த, ஓட்டை விழுந்த புழு அறையோ நாற்றமோ இருந்தால் தேனீ நோய் ஆய்வகத்துக்கு ஒரு துண்டு அடையை அனுப்பி, பதில் வரும்வரை எதையும் இன்னொரு பெட்டிக்கு மாற்றாதீர்கள்.