கேள்வி-பதில்: வாயில் பர்மா மாணிக்கம், பில்லில் ‘ஸ்டோன் – 1’

கோடைக்கு ஏற்காடு போனவர்கள் எல்லாரும் பையில் ஒரு கல்லோடுதான் மலை இறங்கியிருக்கிறீர்கள் போலிருக்கிறது. வந்த கடிதங்களில் முக்கால்வாசி கல் பற்றியே. சரி, இந்த முறை முழுக்கக் கல்தான்.

கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ரத்தினக் கற்கள் சேர்க்க ஆசை. ராசிக்காக இல்லை, பார்த்து ரசிக்கத்தான். கையில் 3,000 ரூபாய் இருக்கிறது. எதில் தொடங்கலாம்? – சூரமங்கலம்

ராசிக்காக இல்லை என்று சொன்னதற்கே உங்களுக்கு ஒரு சபாஷ். முதலில் கல் வாங்காதீர்கள். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸ் ஒன்று, 0.01 கிராம் வரை காட்டும் சின்ன எலக்ட்ரானிக் தராசு ஒன்று, இரண்டையும் வாங்கிவிட்டு மீதிக் காசில் கார்னெட், செவ்வந்திக்கல் (அமெதிஸ்ட்), சந்திரகாந்தக்கல் (மூன்ஸ்டோன்) என்று விலை குறைந்தவற்றில் இரண்டு மூன்று எடுங்கள். சந்திரகாந்தக்கல்லுக்கு வெளிநாடு போக வேண்டாம், கரூர், காங்கேயம் பக்கமே மண்ணில் கிடைக்கிறது. காங்கேயத்தை ஒட்டிய படியூரில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அக்வாமரின் என்ற கடல்நீலக் கல்லைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள்.

தராசு எதற்கு என்றால், கல் பொய் சொல்லாத ஒரு இடம் அதன் அடர்த்தி. கல்லை முதலில் அப்படியே எடை போடுங்கள். அப்புறம் தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து எண்ணைப் பூஜ்ஜியமாக்கி, கல்லை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க முக்கிப் பிடியுங்கள். முதல் எடையை இப்போது காட்டும் எண்ணால் வகுத்தால் அடர்த்தி. செவ்வந்திக்கல் 2.65 அளவில் வரும், மாணிக்கமும் நீலமும் 4, அமெரிக்கன் டைமண்ட் என்று விற்கிறார்களே அது 6-ஐ நெருங்கும். 5 காரட்டுக்கு, அதாவது ஒரு கிராமுக்குக் குறைந்த கல்லில் இந்தக் கணக்கு தடுமாறும்.

மாணிக்கம், நீலம், மரகதம் பக்கம் முதல் வருடம் போகவே போகாதீர்கள். ஒவ்வொரு கல்லோடும் எங்கே, எப்போது, என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று ஒரு சீட்டு எழுதிப் போட்டு வையுங்கள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லாததால் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய அநாதைக் கற்கள் கிடக்கின்றன.

கண்ணாடியைக் கீறினால் அது வைரம்தானே? – கொண்டலாம்பட்டி

ஆற்றங்கரைக் கூழாங்கல்லும் கீறும். கீறிப் பார்க்கிறேன் என்று வீட்டுக் கண்ணாடியையும் கல்லின் முனையையும் சேர்த்துக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

லைவ் வீடியோவில் 5 காரட் மாணிக்கம் 900 ரூபாய்க்குத் தருகிறார்கள். எடுக்கலாமா? – ஓமலூர்

எடுக்கலாம். கண்ணாடித் துண்டுக்கு 900 கொஞ்சம் அதிகம்.

ஏற்காட்டில் ரோட்டோரத்தில் 600 ரூபாய்க்கு நீல நிற டர்காய்ஸ் மணிமாலை வாங்கினேன். வியர்வை பட்டதும் சட்டைக் காலரெல்லாம் நீலம். – அம்மாபேட்டை

கைகொடுங்கள், நானும் உங்கள் கட்சி. வெளியூரில் ஒரு கடையில் பேரம் பேசி 1,400 ரூபாய்க்கு இதே மாதிரி மாலை வாங்கி, வீட்டில் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். நான்கு வருடம் கழித்து ஒரு மணி கீழே விழுந்து உடைந்தது. உள்ளே சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளை. விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டினால் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார், மேக்னசைட் என்று. மேக்னசைட் ஜங்ஷன் என்று ரயில் நிலையத்துக்கே பெயர் வைத்திருக்கும் சேலத்தில் பிறந்தவன், அந்த வெள்ளைக் கல்லைச் சாயம் தோய்த்துத் தந்ததும் காசு கொடுத்து வாங்கி வந்திருக்கிறேன். மேக்னசைட்டும், ஹவ்லைட் என்ற இன்னொரு வெள்ளைக் கல்லும் சாயத்தை நன்றாக உறிஞ்சும், கறுப்பு ரேகைகூட அசல் மாதிரியே ஓடும். அடுத்த முறை நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு, மணியின் துளை ஓரத்தில் மட்டும் துடைத்துப் பாருங்கள். பஞ்சு நீலமானால் வைத்துவிட்டு வந்துவிடலாம். அந்த மாலை இன்னமும் என்னிடம் இருக்கிறது, வீட்டுக்காரம்மா தூக்கிப் போட விடமாட்டேன் என்கிறார்.

எட்டுக் கற்கள், மொத்தம் 1,20,000 ரூபாய். வருடம் 20 சதவீதம் விலை ஏறும் என்றார்கள். ஜிஎஸ்டி மிச்சம் என்று பில் வாங்கவில்லை. இப்போது கடைக்காரர் திரும்ப எடுக்க மறுக்கிறார். – ஐந்து ரோடு

ஏன் எடுக்க வேண்டும்? தங்கத்துக்குத் தினமும் ரேட் வருகிறது. கல்லுக்கு அப்படி ஒரு ரேட் போர்டு எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? வாங்கிய விலை வேறு, விற்கப் போனால் கேட்கும் விலை வேறு. பில்லையும் வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிட்டு வந்த பிறகு நான் எதைப் பிடித்துக்கொண்டு பேசுவது? எட்டையும் ரத்தினக் கல் ஆய்வகத்தில் கொடுத்து என்ன கல் என்றாவது தெரிந்துகொள்ளுங்கள்.

தெரிந்த வியாபாரி வீட்டுக்கு வந்து 38,000 ரூபாய்க்கு பர்மா மாணிக்கம் தந்தார். மகளுக்கு மோதிரம் செய்தேன். எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துக் கழுவியதும் கல் முழுக்க வெள்ளைக் கோடுகள். நான்தான் கெடுத்துவிட்டேன் என்று வீட்டில் திட்டுகிறார்கள். பணம் ஜிபேயில் அனுப்பினேன், பில்லில் ‘ஸ்டோன் – 1’ என்று மட்டும் இருக்கிறது. – ஆத்தூர்

நீங்கள் எதையும் கெடுக்கவில்லை அம்மா. திட்டுகிறவர்களிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். நல்ல மாணிக்கம் எலுமிச்சைச் சாற்றுக்கு அசைந்து கொடுக்காது. விரிசல் நிறைந்த மட்டக் கல்லில் ஈயக் கண்ணாடியை உருக்கி நிரப்பி விற்கிறார்கள், அந்தக் கண்ணாடியைத்தான் எலுமிச்சை அரிக்கும். உங்களுடையது அதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

மோதிரத்தை வியாபாரியிடம் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், “பார்த்துட்டுத் தர்றேன்” என்றாலும் சரி. ஆய்வக அறிக்கை வாங்குங்கள். ஜிபே பதிவு, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டு, சேர்ந்ததற்கான அத்தாட்சியோடு ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள், 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்லுங்கள். மசியவில்லை என்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், 5 லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

இந்த ‘ஸ்டோன் – 1’ இருக்கிறதே, அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வெள்ளிக் கொலுசுக்கு எடை என்ன, டச் (வெள்ளியின் சுத்தம்) என்ன, கூலி என்ன என்று பிரித்துப் பிரித்துக் கேட்கும் சேலத்துக்காரர்கள், கல் கடையில் மட்டும் ஏன் வாயை மூடிக்கொள்கிறீர்கள்? “ஒரிஜினல்தானே?” என்று கேட்டால் அவர் ஆமாம் என்பார். 1902-லேயே பாரிஸில் வெர்னாய் என்பவர் உலையில் மாணிக்கம் செய்யும் முறையை அறிவித்துவிட்டார். அதுவும் மாணிக்கம்தான், அதே அலுமினியம் ஆக்சைடு, அடர்த்தியும் அதே 4. தராசில் தப்பிவிடும், லென்ஸில் வளைந்த கோடுகளும் குமிழிகளும் தெரிந்தால்தான் மாட்டும். அதனால் ஒரிஜினல் என்ற சொல்லால் ஒன்றும் நிற்காது. கல்லின் பெயர், இயற்கையா செயற்கையா, நிறம் கூட்டச் சூடேற்றியதா, கண்ணாடி நிரப்பியதா, எத்தனை காரட், இவ்வளவும் பில்லில் வர வேண்டும். “அதெல்லாம் எழுதறதில்லைங்க” என்றால் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். கூடவே தரும் பளபள சான்றிதழ் அட்டையையும் அப்படியே நம்பாதீர்கள், அதிலுள்ள எண்ணை ஆய்வகத்தின் தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள்.

சேர்வராயன் மலையில் நடக்கும்போது தங்கம் போல மின்னும் கல் கிடைத்தது. படம் அனுப்பியிருக்கிறேன். என்ன விலை போகும்? – அழகாபுரம்

காக்காப்பொன். நகத்தால் கீறினால் ஏடு ஏடாக உரியும், விலை ஒன்றும் போகாது. எடுத்தது காப்புக்காடாக இருந்தால் கல்லும் வனத்துறைக் கணக்கில்தான் வரும், அடுத்த முறை போகும்போது எடுத்த இடத்திலேயே போட்டுவிடுங்கள்.