தாத்தா போன ரயில் பாதையில் இப்போதும் போகலாமா?

கேள்வி: 1936-இல் என் தாத்தா திருவனந்தபுரத்திலிருந்து சென்னைக்கு ரயிலில் போனதை டைரியில் எழுதியிருக்கிறார். புனலூர், செங்கோட்டை வழியாகப் போனாராம், செங்கோட்டை தாண்டித்தான் திருவிதாங்கூர் முடிந்ததாம். ஏன் இந்தச் சுற்றுவழி? அதே வழியில் இப்போது போக முடியுமா?

பதில்: தாராளமாகப் போகலாம். அவர் சுற்றிப் போகவில்லை, அன்றைக்கு இருந்ததே அந்த ஒரு வழிதான். தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம்) ரயில் 1904-இல் மலையைக் குடைந்து செங்கோட்டையிலிருந்து கொல்லத்துக்கு வந்தது. திருவனந்தபுரத்துக்கு அது நீண்டதே 1918-இல், இன்றைய தம்பானூர் நிலையம் (திருவனந்தபுரம் சென்ட்ரல்) வந்தது 1931-இல். கொல்லத்தை எர்ணாகுளத்தோடு இணைத்தது எப்போது என்று நினைக்கிறீர்கள்? 1958! அதுவரை திருவனந்தபுரத்துக்காரர் ரயிலில் வெளியூர் போக வேண்டுமென்றால் ஆரியங்காவு கணவாயை ஏறி இறங்கியே ஆகவேண்டும். டைரியில் சமஸ்தானம் பற்றி இருப்பதும் சரிதான், செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம்தான் இருந்தது.

மீட்டர் கேஜ் இப்போது இல்லை. 2010-இல் மலைப் பகுதியில் ரயிலை நிறுத்தி, அகலப் பாதையாக்கி 2018-இல்தான் முழுசாகத் திறந்தார்கள். மீட்டர் கேஜ் நாளில் ஏற்றத்துக்காகப் பின்னாலும் ஒரு இன்ஜினை மாட்டித் தள்ளுவார்கள், பழைய பயணிகள் இன்றைக்கும் சொல்லிச் சிலிர்ப்பது அதைத்தான். ஆனால் தடம் ஏறக்குறைய அதே தடம். பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் நடுவே உள்ள நீளமான குகைக்குள் உங்கள் தாத்தாவும் போயிருப்பார்.

எழும்பூரிலிருந்து கொல்லம் எக்ஸ்பிரஸில் ஏறாதீர்கள், செங்கோட்டை வரும்போது இருட்டாகவே இருக்கும், மலை வரும் நேரத்தில் நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். கொல்லத்திலிருந்து நண்பகல் வாக்கில் கிளம்பும் அதே வண்டிதான் சரி, புனலூர் தாண்டினதும் காடு பட்டப்பகலில் கிடைக்கும். நேரம் அவ்வப்போது மாறும், டிக்கெட் எடுக்கும்முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், கழுதுருட்டியில் இருக்கும் பதின்மூன்று கண் பாலம். ரயிலுக்குள் இருந்தால் அதன் மேலே போகிறோம் என்பதே தெரியாது, கருங்கல் வளைவுகளைப் பார்க்கக் கீழே சாலையில் நிற்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலை பக்கத்திலேயே ஓடுகிறது. தென்மலையில் இறங்கி, செங்கோட்டை பஸ்ஸில் ஏறி, பாலத்துக்கு அருகே இறக்கிவிடச் சொன்னால் போதும்.