சேலத்தில் கைத்தறியும் கல்சட்டியும்

மலேசியாவின் கிள்ளானிலிருந்து வந்து, சேலத்தில் அஸ்தம்பட்டியில் குடியேறியிருக்கும் தங்கை ஒருவர் கேட்கிறார்: "நாலு துவைப்பில் வெளுக்கிற துணியும், பூச்சு உரிகிற நான்ஸ்டிக் சட்டியும் போதும் அக்கா. இந்த ஊர்க்காரர்கள் நெய்தது, செய்தது, நாள்பட உழைப்பது எங்கே கிடைக்கும்?"

நானும் அந்த நாட்டு ஈப்போக்காரிதான். சேலத்துக்கு மருமகளாக வந்து, பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும் காலம் ஆகிவிட்டது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

சேலம் தறி ஊர் என்று யாரோ சொன்னதைக் கேட்டு நேரே பக்கத்து ஊரான இளம்பிள்ளைக்கு ஓடாதீர்கள். சேலை அங்கே மலையாகக் குவிந்திருக்கும், விலையும் சல்லிசு; ஆனால் விசைத்தறிதான் அதிகம். 'சாஃப்ட் சில்க்' என்று விரித்துக் காட்டுவதில் பாலியஸ்டரும் நிறைய உண்டு. சந்தேகம் வந்தால் கடைக்காரரிடம் கேட்டு, குஞ்சத்திலிருந்து ஓர் இழை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பட்டு என்றால் முடி கருகிய வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும். பாலியஸ்டர் உருகி மணி மாதிரி இறுகிவிடும். அவர் முறைப்பார், முறைக்கட்டும்.

நெசவாளியிடமே வாங்கலாமே என்று தோன்றும். அம்மாபேட்டை, குகைப் பக்கம் தறிச் சத்தம் கேட்கிற வீட்டு வாசலில் நின்று கேட்டால் பெரும்பாலும் தயங்குவார்கள். தறியில் ஏறியிருக்கும் பாவும் ஊடையும் அவர்களுடையதாக இருக்காது. மாஸ்டர் வீவர் எனப்படும் நெசவு முதலாளியோ கூட்டுறவுச் சங்கமோ நூல் கொடுக்கும். நெய்து ஒப்படைத்தால் கூலி. அந்தச் சேலையை உங்களுக்கு விற்கும் உரிமை அவருக்கு இல்லை. வற்புறுத்தினால் சங்கடம் அவருக்குத்தான்.

அதனால் சங்கத்தின் விற்பனை நிலையத்துக்கோ கோ-ஆப்டெக்ஸுக்கோ போங்கள். கோ-ஆப்டெக்ஸ் 1935இல் தொடங்கிய தமிழ்நாட்டுக் கைத்தறிக் கூட்டுறவு நிறுவனம். தீபாவளிக்கு 30 சதவீதத் தள்ளுபடி தருவார்கள், பெரிய செலவை அதுவரை தள்ளிப் போடலாம். பருத்தியில் கைத்தறி முத்திரையும் பட்டில் அசல் பட்டுக்கான சில்க் மார்க் முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்காரருக்கு வேட்டி என்றால் சேலம் வெண்பட்டு. இந்த ஊருக்கே உரியது என்று புவிசார் குறியீடு பெற்றது. விலை கையைச் சுடும். பத்திரமாக மடித்து வைத்தால் பிள்ளையும் கட்டுவான்.

ஏற்காடு ஏரிக்கரைக் கடைகளில் தொங்கும் கம்பளியை அந்த மலையில் நெய்ததாக நினைத்து வாங்காதீர்கள். காப்பியும் மிளகும் அங்கேயே விளைகின்றன, அவற்றை வாங்குங்கள்.

அப்புறம் சட்டி. மாக்கல்லில் குடைந்த கல்சட்டியை இங்கே தேடினால் கிடைக்கும். வாங்கியதும் அடுப்பில் ஏற்றிவிடாதீர்கள், விரிசல் விடும். விளக்கெண்ணெயும் மஞ்சளும் தடவி வைத்து, பிறகு ஒரு வாரம் தினமும் சூடான வடிகஞ்சி ஊற்றிப் பழக்க வேண்டும். முதல் சமையலைச் சின்னத் தீயில் தொடங்குங்கள். வத்தக்குழம்பு இறக்கிய பிறகும் கொதித்துக்கொண்டே இருக்கும், கொஞ்சம் முன்னாலேயே அணைத்துவிடலாம். உங்கள் வீட்டில் இண்டக்ஷன் அடுப்பு மட்டும்தான் என்றால் கல்சட்டி சூடேறாது. அடி சமமான இரும்பு தோசைக்கல் எடுங்கள்.