பார்ம்.டி. ஆறாம் ஆண்டில் பாதிக் காலம் பொது மருத்துவப் பிரிவில் கழிவது ஏன்?

இந்திய பார்மசி கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு விதிகளின்படி, பார்ம்.டி. (ஆறாண்டு மருந்தியல் பட்டப்படிப்பு) மாணவர் ஆறாம் ஆண்டுப் பயிற்சியில் ஆறு மாதங்கள் பொது மருத்துவப் பிரிவிலும், வேறு மூன்று சிறப்புப் பிரிவுகளில் தலா இரண்டு மாதங்களும் பணியாற்ற வேண்டும்.

பாதிக் காலம் ஒரே பிரிவிலா என்று நீங்கள் கேட்பது நியாயமே. ஆனால் சர்க்கரை, இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு எல்லாம் ஒருசேர உள்ள நோயாளிகளை அதிகம் காண்பது அங்குதான். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை உட்கொள்பவருக்கு மெட்ரோனிடசோல் என்னும் கிருமிக்கொல்லி எழுதப்பட்டால், இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு ஏறி இரத்தக்கசிவு நேரலாம் என்பதை, மருந்துப் பட்டியலையும் ஆய்வக அறிக்கையையும் சேர்த்து வைத்துப் படித்து, ரவுண்ட்ஸின்போதே மருத்துவரிடம் எடுத்துச் சொல்லும் பழக்கம் அங்கேதான் கைவருகிறது.

சிறப்புப் பிரிவுகளில் குழந்தைகள் நலப் பிரிவு கிடைத்தால் தவறவிடாதீர்கள்: எடைக்கேற்ப மருந்தளவைக் கணக்கிடுகையில் தசமப் புள்ளி ஓரிடம் வலப்புறம் தள்ளினால் அளவு பத்து மடங்காகிவிடும்.