கோமுகத்தில் ஏன் இத்தனை கல்லும் மண்ணும்?

கேள்வி: போன புரட்டாசியில் குழுவாகக் கங்கோத்ரி போய், கோமுகம் வரை நடந்தோம். காலண்டர் படம் மாதிரி வெள்ளை வெளேரென்று இருக்கும் என்று நினைத்தால், கல் குவாரி போலக் கிடந்தது. ‘இந்தப் பனியாறு ஓடிக்கொண்டே இருக்கிறது’ என்றார் வழிகாட்டி. ‘வருஷா வருஷம் பின்னால் போகிறது’ என்றும் அவரே சொன்னார். முன்னால் ஓடுவது எப்படி ஐயா பின்னால் போகும்?
– வாசகி, மன்னார்குடி

பதில்: குவாரி என்றீர்களே அம்மா, அதுதான் சரி. அங்கே நடப்பது கல் உடைக்கிற வேலையேதான். உடைப்பது யார் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

கங்கோத்ரி பனியாறு சௌகம்பா சிகரத்தின் (7,138 மீட்டர்) சரிவில் பிறந்து, ஏறக்குறைய 30 கிலோமீட்டர் இறங்கிக் கோமுகத்தில் முடிகிறது. மேலே அந்தக் குளிரில், விழுந்த பனி கோடையிலும் முழுக்கக் கரைவதில்லை. மிச்சத்தின் மேல் அடுத்த வருஷத்துப் பனி ஏறும். சுற்றியுள்ள சரிவுகளிலிருந்து சரிந்து விழுவது வேறு. புதுப்பனியில் பெரும்பகுதி காற்றுதான். ஒரு கன மீட்டர் பெரும்பாலும் 100 கிலோகூடத் தேறாது. பாரம் ஏற ஏறக் காற்று வெளியேறி, துகள்கள் ஒட்டி இறுகி, பல வருஷத்தில் அதே கன மீட்டர் 900 கிலோ எடையுள்ள கட்டியாகிவிடும்.

சுத்தியலால் தட்டினால் சிதறுகிற பனிக்கட்டிதான். ஆனால் பல பத்து மீட்டர் தடிமனாகச் சேர்ந்துவிட்டால், தன் பாரத்தாலேயே உள்ளுக்குள் மெல்ல வளைந்து கொடுத்துச் சரிவில் இறங்கும். அடியில் உருகிய நீர் இருந்தால் பாறைமேல் வழுக்கவும் செய்யும். மேற்புறத்து முப்பது நாற்பது மீட்டருக்கு அவ்வளவு அழுத்தம் கிடையாது. அது வளையாமல் வெடிக்கும். மலையேறுபவர்கள் பயப்படுகிற பிளவுகள் அவை.

நகர்கிறது என்பதற்குச் சாட்சி வேண்டுமா? பிரான்ஸில் மோன் பிளான் மலையில் 1820இல் மூன்று வழிகாட்டிகள் பனிச்சரிவில் சிக்கி ஒரு பிளவுக்குள் போனார்கள். ‘நாற்பது வருஷத்தில் அடிவாரத்தில் வெளிப்படுவார்கள்’ என்று கணக்குப் போட்டுச் சொன்னார், பனியாறுகளின் வேகத்தை அளந்துகொண்டிருந்த ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ். 1861இல் போஸ்ஸோன் பனியாற்றின் கீழ்முனையில் அவர்களுடைய எச்சங்கள் வெளிவரத் தொடங்கின.

இனி குவாரிக்கு வருவோம். அடியில் கசியும் நீர் பாறை விரிசலில் புகுந்து உறையும். பனியாறு நகரும்போது அந்தப் பாறையைப் பெயர்த்துக்கொண்டு போகும். பெயர்த்த கல்லைக் கொண்டே அடுத்த பாறையைத் தேய்க்கும். அந்தத் தேய்ப்பில் விழுகிற மாவுதான், கோமுகத்தில் புறப்படும் பாகீரதி ஆற்றைச் சாம்பல் கலந்த பால் நிறமாக்குகிறது. போதாததற்கு இரண்டு பக்க மலைச்சுவர்களிலிருந்தும் கல் உதிர்ந்து மேலே விழுகிறது. கீழே வர வரப் பனி உருகிக் குறையும், கல் குறையாது. 30 கிலோமீட்டர் சேர்த்த சரக்கெல்லாம் கடைசியில் கோமுகத்தில் உங்கள் காலடியில்! இந்தக் கல்போர்வை மெல்லியதாக இருந்தால் வெயிலை வாங்கி உருகலை விரைவாக்கும். கனமாக இருந்தால் வெயில் இறங்காமல் தடுக்கும்.

உங்கள் வழிகாட்டி சொன்ன இரண்டும் சரி. பனிக்கட்டி ஒருநாளும் பின்னோக்கி நடப்பதில்லை, கீழ்நோக்கித்தான் வருகிறது. பின்வாங்குவது அதன் முனை. மேலிருந்து வந்து சேருவதைவிட முனையில் உருகுவது அதிகமானால், அது முடியும் இடம் மேலே ஏறும். அவ்வளவுதான். 1935இல் இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் ஜே.பி. ஆடன் இந்த முனை எங்கே இருக்கிறதென்று அளந்து வரைபடம் போட்டார் (கவிஞர் டபிள்யூ.எச். ஆடனின் அண்ணன்தான்). அதற்குப் பிறகு முனை ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கியிருக்கிறது. சராசரி பார்த்தால் வருஷத்துக்குச் சுமார் 20 மீட்டர்.

ஒரு காலத்தில் இதே பனியாறு கோமுகத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தள்ளி, ஜாலா வரை நீண்டு கிடந்தது. பஸ்ஸில் மேலே போகும்போது, ஜாலாவைத் தாண்டி ஹர்சில் பக்கம் பள்ளத்தாக்கு சட்டென்று அகலமாவதைப் பார்த்திருப்பீர்களே? ஆறு மட்டும் அறுத்தால் பள்ளத்தாக்கு ‘வி’ போல ஒடுங்கும். பனியாறு அடியையும் சுவரையும் சேர்த்துத் தேய்ப்பதால் ‘யு’ போல விரியும். போஜ்பாசா பக்கம் பாதையோரத்தில் நீளமாக மேடு கட்டிக் கிடக்கும் கல்லும் மண்ணும்கூட அது விட்டுப்போன குவியல்தான் (‘மொரைன்’ என்பார்கள்). எனக்கு அந்த மேடுகள் கோமுகத்தைவிடப் பிடிக்கும். யாத்ரிகர்கள் அவற்றைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

உங்கள் குழுவில் யாராவது தீர்த்தம் பிடிக்க, ஆறு வெளிவருகிற பனிக்குகை வாசலுக்கே போனார்களா? இனி போக வேண்டாம் என்று சொல்லுங்கள். முகப்பிலிருந்து வீடு அளவுள்ள கட்டிகள் சொல்லாமல் கொள்ளாமல் உடைந்து விழும். சற்றுக் கீழே தள்ளிப் பிடித்தாலும் அதே தண்ணீர்தான்.