தும்மலை முதலில் கவனியுங்கள், கட்டியை அப்புறம் பார்க்கலாம்

கேள்வி: சிறிய மருந்துத் தயாரிப்புக் கூடம் ஒன்றில் மூலப்பொருள் கிடங்கையும் எடைபோடும் வேலையையும் பார்த்துக்கொள்கிறேன். 25 கிலோ அமாக்சிசிலின் டிரைஹைட்ரேட் டிரம் ஒன்றைத் திறந்து மூன்று வாரம் ஆகிறது. மேல்பகுதிப் பொடி கட்டிதட்டிவிட்டது. ஓவனில் லேசாக உலர்த்திப் பயன்படுத்தலாமா? மிச்சத்தைக் குளிர் அறையில் வைப்பது நல்லதா? அப்புறம் இன்னொன்று: பொடி அள்ளும்போது என்னுடன் வேலை செய்பவருக்குத் தும்மலும் கண் அரிப்பும் வருகின்றன. வெறும் தூசிதான் என்கிறார். அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். விடக்கூடாது. இன்றே அவரை அந்த அறையிலிருந்து வேறு வேலைக்கு மாற்றுங்கள்.

அமாக்சிசிலின் பென்சிலின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் மூலக்கூறின் நடுவே பீட்டா-லாக்டம் என்ற சிறிய வளையம் இருக்கிறது. நாலே அணுக்கள். வளைத்துப் பிடித்த மூங்கில் பிளாச்சுபோல அது எப்போதும் விறைப்பாகவே நிற்கும், சந்தர்ப்பம் கிடைத்தால் தெறித்துத் திறந்துகொள்ளும். பாக்டீரியாவின் சுவரைக் கட்டும் நொதியில் அது திறந்து ஒட்டிக்கொள்வதால்தான் இது மருந்து. அதே வளையம் நம் உடலின் புரதங்களிலும் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிய புரதத்தைச் சிலருடைய உடல் அந்நியனாகப் பார்த்துச் சண்டைக்குக் கிளம்புகிறது, அதுதான் ஒவ்வாமை. ஈரம் பட்டாலும் அந்த வளையம் திறந்து பொடியின் வீரியம் போய்விடும். ஆக, மருந்தாவதற்கும் ஒவ்வாமைக்கும் கெட்டுப்போவதற்கும் காரணம் ஒன்றே. உங்களுடைய மூன்று கேள்விகளும் இந்த வளையத்தில்தான் வந்து நிற்கின்றன.

இந்த ஒவ்வாமை முதல் நாளே வந்துவிடாது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தூசியைச் சுவாசித்த பிறகு மெல்லத் தலைகாட்டும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எடைபோடும் அறையில் எங்களுடன் இருந்த ஒருவருக்கு இரவில் மட்டும் இருமல் வரும். பகலில் ஒன்றும் இருக்காது, அதனால் அவர் உட்பட யாருமே வேலையோடு அதைச் சேர்த்துப் பார்க்கவில்லை. நீண்ட விடுப்பில் போனார், இருமல் நின்றது. திரும்பி வந்த வாரமே மூச்சு இழுக்க ஆரம்பித்தது. தொழில்வழி ஆஸ்துமாவின் அடையாளமே இதுதான்: விடுமுறையில் குறையும், வேலைக்கு வந்தால் திரும்பும், வேலை முடிந்து பல மணி நேரம் கழித்தும் வரும். உங்கள் நண்பரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். பொடியின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து மருத்துவரிடம் அனுப்புங்கள், சப்ளையர் தந்த பாதுகாப்புத் தகவல் தாளும் கையில் இருக்கட்டும். ஒவ்வாமை உறுதியானால் நாளைக்கு வேறு எந்த நோய்க்கும் பென்சிலின் வகை மருந்து எழுதும் முன் அது மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். உதடு, நாக்கு வீங்குவது, மூச்சுத் திணறல், மயக்கம் என்று எது வந்தாலும் காத்திருக்காமல் ஆம்புலன்ஸை அழையுங்கள்.

சரி, மற்றவர்களுக்கு என்ன பாதுகாப்பு? அறுவைச் சிகிச்சை முகக்கவசம் இதற்குப் போதாது. அதன் ஓரங்களில் காற்று புகும், காற்றோடு பொடியும் புகும். முகத்தோடு ஒட்டி உட்காரும் என்95 அல்லது அதற்கு மேற்பட்ட வடிகட்டிக் கவசம் வேண்டும். தாடி இருந்தால் அதுவும் சரியாக உட்காராது. நைட்ரைல் கையுறை, பக்கம் மூடிய கண்ணாடி, முழுக்கை உடுப்பு ஆகியவையும் தேவை. ஆனால் கவசத்தைவிட முக்கியம், தூசியை எழும்பிய இடத்திலேயே இழுத்துக்கொள்ளும் காற்று உறிஞ்சி. எவ்வளவு தூசி பறக்கிறது என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். கவசம் போட்டுக்கொண்டு அறை விளக்கைக் குறையுங்கள். ஒருவர் பொடி அள்ளும்போது பக்கவாட்டிலிருந்து பலமான டார்ச் ஒளியை அடியுங்கள். சாதாரண வெளிச்சத்தில் சுத்தமாகத் தெரிந்த காற்றில் வெண்புகை போல ஒன்று ஸ்கூப்பிலிருந்து எழுந்து, அள்ளுபவரின் தாடை வரை ஏறி, மெதுவாகச் சுழல்வது தெரியும். ஒருமுறை இதைப் பார்த்தவர்கள் அப்புறம் பொடியை உயரத்திலிருந்து கொட்டவே மாட்டார்கள். ஸ்கூப்பைப் பாத்திரத்தின் அடிவரை இறக்கிச் சாய்ப்பார்கள், மின்விசிறியை நிறுத்துவார்கள்.

வேறு மருந்துப் பொடிகளையும் அதே அறையில் எடைபோடுகிறீர்களா? அப்படியானால் அதை உடனே நிறுத்த வேண்டும். பென்சிலின் வகைகளுக்குத் தனிக் கூடமும் தனிக் காற்றோட்டமும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நல்ல உற்பத்தி நெறிகளிலேயே இருக்கிறது. வேறொரு மாத்திரையில் கண்ணுக்குத் தெரியாத துளி கலந்தாலும், ஒவ்வாமை உள்ளவருக்கு அது உயிராபத்து.

இனி கட்டி விஷயம். ஓவன் வேண்டவே வேண்டாம். டிரைஹைட்ரேட் என்றாலே ஒவ்வொரு மூலக்கூறுடனும் மூன்று நீர் மூலக்கூறுகள் படிகத்துக்குள் பூட்டியிருக்கின்றன என்று பொருள். மருந்துகளின் தரத்தை வரையறுக்கும் நூல்கள் (பார்மகோபியா) இதற்கு 11.5 முதல் 14.5 சதவீதம் வரை நீர் இருக்க வேண்டும் என்கின்றன. ஓவனில் வைத்தால் வெளியிலிருந்து வந்த ஈரத்தோடு இந்தப் படிக நீரும் போய்விடும். படிகம் குலைந்தால் பொடி முன்னைவிடச் சீக்கிரம் சிதையும். ஈரத்தில் ஏற்கெனவே திறந்துபோன வளையங்களோ உலர்த்துவதால் மூடிக்கொள்ளப்போவதில்லை.

கட்டியில் இரண்டு வகை உண்டு. மேலே பாரம் ஏறியதால் இறுகியது விரலால் தொட்டாலே உதிரும், நிறம் மாறாது. ஈரத்தால் வந்தது கெட்டியாக இருக்கும், மஞ்சள் ஓடும். உங்களுடையது மேல்பகுதியில் மட்டும் என்பதால் எனக்கு ஈரத்தின் மேல்தான் சந்தேகம். எதுவானாலும் கண்ணால் பார்த்து முடிவெடுக்காதீர்கள். டிரம்மில் ‘நிறுத்திவைக்கப்பட்டது’ என்று லேபிள் ஒட்டித் தனியே வையுங்கள். மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் மாதிரி எடுத்து நீர் அளவு, வீரியம், சிதைவுப் பொருள்கள் ஆகிய மூன்றையும் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு சோதிக்கட்டும். மேலே இருப்பதைக் கீழே உள்ளதோடு கலந்து ‘சமன்’ செய்வதுதான் இதில் நடக்கக்கூடிய பெரிய தவறு.

குளிர் அறையைப் பொறுத்தவரை, லேபிள் சொல்லாதவரை தேவையில்லை. கெடுதலாகவும் முடியலாம். குளிர்ந்த டிரம்மை வெளியே கொண்டுவந்து உடனே திறந்தால், குளிர்ந்த செம்பின் வெளிப்பக்கம் வியர்ப்பது போலப் பொடியின் மேல் நீர் படியும். லேபிளில் உள்ள வெப்பநிலைக்குள் இருக்கும், ஈரம் குறைந்த, வெயில் படாத அறை போதும். எப்போதாவது குளிரில் வைத்திருந்தால் மூடியபடியே அறை வெப்பத்துக்கு வரட்டும். பெரிய டிரம்முக்கு ஒரு முழு நாள்கூட ஆகலாம்.

நீங்கள் தினமும் டிரம்மைத் திறக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதை மாற்றுங்கள். ஒரே தடவையில், காற்று உறிஞ்சியின் கீழ், ஒவ்வொரு பேட்ச்சுக்கும், அதாவது ஒரு தடவைத் தயாரிப்புக்கும், வேண்டியதைத் தனிப் பைகளில் கட்டி, பேட்ச் எண்ணும் திறந்த தேதியும் எழுதுங்கள். மீதி உள்ள உள்பையில் காற்றை மெல்ல வெளியேற்றி, வாயை முறுக்கி, மடித்துக் கட்டுங்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் உள்பைக்கும் வெளிப்பைக்கும் நடுவே இருக்க வேண்டும், பொடிக்குள் அல்ல. டிரம் தரையில் உட்காராமல் பலகை மேல் இருக்கட்டும். அமாக்சிசிலினோடு சேர்த்து மாத்திரையாக்கும் பொட்டாசியம் கிளாவுலனேட்டும் உங்கள் கிடங்கில் இருந்தால், அது ஈரத்தை இதைவிடப் பல மடங்கு வேகமாக உறிஞ்சும். சாதாரண அறையில் அதைத் திறக்கவே கூடாது.

சிந்தினால் துடைப்பம் வேண்டாம், அழுத்தக் காற்றும் வேண்டாம். மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள வேக்குவம் அல்லது ஈரத்துணி. அமாக்சிசிலின் தண்ணீரில் லிட்டருக்குச் சில கிராம்தான் கரையும், அதனால் ஒருமுறை துடைத்தால் வெள்ளைப் படலம் மிஞ்சும். சோப்புக் கரைசலில் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் புதுத் துணியால் துடையுங்கள். சில இடங்களில் நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு ஊற்றி வளையத்தை உடைப்பார்கள். மருந்தின் வீரியம் அதில் போகும், ஒவ்வாமை ஆபத்து முழுக்கப் போகாது. எனவே கவசத்தைக் கழற்ற வேண்டாம். துடைத்த துணி, மிஞ்சிய பொடி எதையும் சாக்கடையில் விடாதீர்கள். அங்குள்ள பாக்டீரியா இந்த மருந்துக்குப் பழகிவிடும். மூடிய பையில் கட்டி, மருந்துக் கழிவை எரிக்கும் நிலையத்துக்கு அனுப்புங்கள்.

வேலை உடுப்பை அங்கேயே கழற்றி, உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டிப் பையில் போடுங்கள். வீட்டுத் துணிகளோடு துவைக்காதீர்கள். கையும் முகமும் கழுவிய பிறகுதான் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். பொடி முடியில் இருந்தால், குழந்தையைத் தூக்கும்போது அதன் முகத்துக்குத்தான் முதலில் போகும்.